கடன் வாங்குமுன் கணக்கு

சிறு வணிகம் செய்யும் நம் குடும்பங்களுள் பல, கடனின் உண்மையான விலையை அறியாமலே அதை வாங்குகின்றன. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். “நூற்றுக்குப் பதினைந்துதானே!” என்கிறார் கடைக்காரர். அசல் நாள்தோறும் குறைந்து வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு! ஓராண்டுக்கு 12 விழுக்காடு வட்டியை முழு அசலுக்கும் முன்னதாகவே கூட்டி, மாதத் தவணையாக வசூலிக்கும் கடனிலும் உண்மை வட்டி 21-க்கு மேல். இதை அறியப் பட்டம் வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதும்.

வங்கி மட்டும் எளிதில் கொடுத்துவிடுமா என்று வாசகர் கேட்கலாம். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடின்றிக் கடன் உண்டு. ஆயினும் மேலாளர் வரவு செலவு ஏட்டைக் கேட்பார். கல்லாவில் மகன் ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமும் கைவைக்க, வீட்டு அரிசியும் கடைச் செலவில் சேர்ந்தால், இலாபம் எவ்வளவென்று உரிமையாளருக்கே தெரியாதே! அவர் முதலில் தமக்கே மாதச் சம்பளம் ஒன்றை வரையறுத்து, அதற்கு மேல் தொடாதிருக்க வேண்டும். பிறர் அதன்பின்தான் அடங்குவர். தமக்கு எழுத வராவிடில், படித்த மகளிடம் ஏட்டை ஒப்படைக்கலாமே! பெண்பிள்ளைக்குக் கடைக் கணக்கு எதற்கு என்று இன்னும் சிலர் தயங்குவது வியப்பே.

வங்கியில் தவணை தவறாது கட்டிய விவரம் கடன் தகவல் நிறுவனத்தில் பதிவாகி, அடுத்த கடனைக் குறைந்த வட்டிக்குக் கேட்க உதவும். தண்டல்காரரிடம் பத்தாண்டு ஒழுங்காகக் கட்டினாலும் அத்தகைய பதிவு எங்கும் இராது.