வழியில் சேர்ந்த வரிகள்



சில வருடங்களுக்கு முன் ஒரு வாசகி போன் செய்தார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "நீங்களே இப்படிப் போடலாமா? உங்க பக்கத்துல வந்ததேன்னு நம்பி எங்க வீட்டுக்காரருக்கு வாங்கப் பார்த்தேனே!"

எங்கள் இணையதளத்தில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரைக்கு நடுவே, மாத்திரையே வேண்டாம் என்று சொல்லும் ஒரு பொடிக்கு விளம்பரம். அந்த மாதிரி விளம்பரத்தை நாங்கள் வாங்குவதே இல்லை. ஆபீஸில் திறந்து பார்த்தால் பக்கம் சுத்தமாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். மூன்றாவது பத்திக்குக் கீழே பச்சை நிற டப்பா, பக்கத்தில் 'இப்போதே ஆர்டர் செய்யுங்கள்'. வாசகியின் மகள் வீட்டு வைஃபையில் அது வரவில்லை. அவருடைய செல்போன் டேட்டாவில் மட்டும் வந்தது. எங்கள் சர்வரை விட்டுக் கிளம்பும்போது இல்லாத சில வரி புரோகிராம் கோடு, வழியில் சேர்ந்திருந்தது.

பேப்பர் போடும் தம்பி நாளிதழுக்குள் ஜவுளிக்கடை நோட்டீஸ் சொருகுவது நமக்குப் பழக்கம்தான். உதறினால் தனியாக விழுந்துவிடும். அதையே செய்திக்கு நடுவில், அதே எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தால் சும்மா விடுவோமா?

2015-ல் பெங்களூரு புரோகிராமர் ஒருவர், ஏர்டெல் 3ஜி வழியாகத் திறக்கும் பக்கங்களில் இப்படி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோடு நுழைவதைக் கண்டுபிடித்து, அதை புரோகிராமர்கள் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பில் ஆதாரமாகப் போட்டார். ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் கோடு அது. என்ன நடந்தது தெரியுமா? 'எங்கள் காப்புரிமையை மீறிவிட்டீர்கள்' என்று அந்த நிறுவனத்திடமிருந்து அவருக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது! கிட்ஹப்பிலிருந்தும் அது நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழித்தார் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு, நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றது ஏர்டெல். அடுத்தவர் பக்கத்துக்குள் கேட்காமல் நுழைந்த கோடுக்குக் காப்புரிமை உண்டு என்றால், அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவை எழுதுகிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உரிமையை விற்ற பிறகும், தன் பெயர் கெடும்படி படைப்பைத் திரித்தாலோ மாற்றினாலோ ஆசிரியர் தடுக்கலாம். பக்கம் பயணப்படும்போது வழியில் தற்காலிகமாக நகல் உண்டாவது தவறில்லை என்று 2012 திருத்தம் ஏற்கிறது. அது இல்லாமல் இன்டர்நெட்டே ஓடாது. ஆனால் ஐடி சட்டத்தின் 79-வது பிரிவு, இடையில் நிற்கும் நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தரும்போது விதிக்கிற நிபந்தனைகளில் ஒன்று, அனுப்பப்படும் தகவலை அவர்கள் மாற்றக்கூடாது என்பது.

நடுவில் விளம்பரம் வைத்தால் அது படைப்பை மாற்றியதா, மேலே ஒட்டியது மட்டும்தானா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். என்னைக் கேட்டால், சர்க்கரை நோயாளியிடம் 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று டாக்டர் எழுதியதற்குக் கீழேயே 'மாத்திரை வேண்டாம்' என்று வைப்பது, அந்தக் கட்டுரையையே மாற்றுவதுதான். டாக்டரின் பெயரும் கெடுகிறது, படிக்கிறவர் உடம்பும் கெடுகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் போனில் நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கலாம், படங்களை நிறுத்தலாம், விளம்பரத்தையே மறைக்கலாம். அது உங்கள் வசதி. உங்களுக்கும் தெரியாமல், எங்களுக்கும் தெரியாமல் மூன்றாவது ஆள் கை வைப்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தவறும் ஒன்று உண்டு. அன்று எங்கள் தளம் வெறும் ஹெச்டிடிபி-யில் ஓடிக்கொண்டிருந்தது. மூடாத தபால் அட்டை மாதிரி, வழியில் யாரும் படிக்கலாம், எழுதலாம். அந்த போனுக்குப் பிறகுதான் ஹெச்டிடிபிஎஸ்-க்கு மாறினோம். இப்போது பக்கம் பூட்டியே வருவதால், நடுவழியில் இப்படி எதையும் சொருக முடியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரி அமைப்புகள் இதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. தையல் கிளாஸுக்கோ, கேட்டரிங் தொழிலுக்கோ சின்னதாக வெப்சைட் வைத்திருக்கும் சகோதரிகளே, உங்கள் முகவரி 'ஹெச்டிடிபிஎஸ்' என்று ஆரம்பிக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள்.

அந்த வாசகி பொடியை வாங்கவில்லை. வாங்குவதற்கு முன் எங்களைக் கேட்டார். எங்களிடம் கேட்காமலே வாங்கியவர்களும் இருந்திருப்பார்களோ என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

எங்கள் பக்கத்தில் எங்களுடையதாகத் தோன்றாத எது கண்ணில் பட்டாலும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். வைஃபையா, செல்போன் டேட்டாவா, எந்த ஆப்பில் திறந்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்