படத்திறப்போடு முடியலாமா?



நம் சங்கத்துக்காக உழைத்த ஒரு வணிகர் மறைந்தால் என்ன செய்கிறோம்? கடையடைத்து மரியாதை செலுத்துகிறோம். சுவரொட்டி ஒட்டுகிறோம். படத்திறப்பு நடத்திப் புகழ்ந்து பேசுகிறோம். சில ஊர்ச் சங்கங்கள் அவர் பெயரால், பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசும் தருகின்றன. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குப் பரிசு தரப் பலர் இருக்கிறார்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பார்வையற்ற இளைஞர் ஒருவர் மாதச் சாமான் வாங்கினார். கல்லாவில் இருந்த பையன் அவசரத்தில், மீதி 200 ரூபாய்த் தாளுக்குப் பதில் 100 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டான். அவர் தாளை விரலால் அளந்து பார்த்து, "அண்ணாச்சி, இது நூறு" என்றார். எனக்குப் பெரிய தலைகுனிவு. அந்த இரண்டு தாள்களுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "எங்க ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் வீட்டுக்குப் போகாம எங்களை உட்கார வச்சுச் சொல்லிக் கொடுப்பாங்க" என்றார்.

அன்றிலிருந்து என் மனதில் ஓடும் யோசனை இது. மறைந்த வணிகர் பெயரில் நாம் நிறுவும் அறக்கட்டளை, பார்வையற்ற, காது கேளாத மாணவர்களின் படிப்புக்கும், அவர்களுக்காகவே உழைக்கும் ஆசிரியர்களுக்கும் உதவ வேண்டும்.

"அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆனால் கல்லூரிப் படிப்பு தொடங்குவதே அந்த வயதில்தானே! தராசு வாங்குவது ஒரு செலவு, கடையை நடத்துவது வேறு செலவு என்பது நமக்குத் தெரியாததா? காதுக் கருவி இலவசமாகக் கிடைத்தாலும் அதன் பேட்டரி சில நாட்களில் தீர்ந்துவிடும். பிள்ளை வளர வளரக் காதுக்குள் பொருத்தும் அச்சை மாற்றிச் செய்ய வேண்டும். பிரெயில் எழுதக் கனமான தாள் வேண்டும். அச்சில் ஒரு பக்கம் அடங்குவது பிரெயிலில் பல பக்கமாகும். இந்தச் சில்லறைச் செலவுகளில்தான் ஏழைக் குடும்பம் தடுமாறுகிறது.

ஆசிரியருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஹெலன் கெல்லரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் 1904இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றவர். வகுப்பில் ஆசிரியை ஆன் சல்லிவன் பக்கத்தில் அமர்ந்து, பேராசிரியர் சொன்னதையெல்லாம் அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகக் குறித்துக் காட்டினார். கல்லூரிச் செலவுக்குக் கைகொடுத்தவர் ஹென்றி ரோஜர்ஸ் என்ற எண்ணெய் வியாபாரி. மாணவி, ஆசிரியை, வணிகர் என்ற மூன்று பேரில் ஒருவர் விலகியிருந்தாலும் அந்தப் பட்டம் கிடைத்திருக்குமா?

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தாலும் பிடியரிசியாலும் வளர்த்த பள்ளியில்தான் காமராஜர் படித்தார்.

கணக்குக்கு வருவோம். பத்துக் கடைகள் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் முதல் ஒரு லட்சம். நூற்றுக்கு ஏழு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். முதலைத் தொடாமல், ஒரு மாணவருக்கு 5,000, சைகை மொழியோ பிரெயிலோ கூடுதலாகக் கற்க விரும்பும் ஓர் ஆசிரியருக்கு 2,000 கொடுக்கலாம். சிறிய தொகைதான். நம் கடைகளும் சிறிய முதலில் தொடங்கியவைதானே!

மூன்று விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு மாணவரை ஏற்றால் அவர் படிப்பு முடியும் வரை கைவிடக் கூடாது. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பள்ளி ஆசிரியர்களையும் கலந்து முடிவு செய்ய வேண்டும். சங்கத்தில் செல்வாக்கு உள்ளவர்களின் சிபாரிசு இங்கே நுழையக் கூடாது. பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்காமல் பணத்தை வங்கிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். வரவு செலவை ஆண்டுதோறும் இந்த இதழிலேயே அச்சிடலாம்.

வியாபாரம் மந்தம் என்பது எனக்கும் தெரியும். ஆன்லைன்காரர்களும் பெரிய கடைகளும் நம் வாடிக்கையைப் பறித்துக்கொண்டிருக்கும் காலம் இது. ஆனாலும் அடுத்த படத்திறப்புக்குப் பந்தல் போடுமுன் அந்தச் செலவில் பாதியை ஒதுக்கினால் போதும். தொடக்கமாக, என் தந்தையார் நினைவாகப் பத்தாயிரம் ரூபாயை நம் சங்கப் பொருளாளரிடம் செலுத்திவிட்டேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.