படம் பார்க்கவா, விளையாடவா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழை, பற்றி எரியும் கோட்டை, வாளோடு ஓடுகிற ஒருவன், அவன் காலடியில் நொறுங்குகிற பாலம். அக்கா சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன படம்டா இது? நல்லா எடுத்திருக்கானே!”

“படம் இல்லம்மா, கேம். அதோட டிரெய்லர்” என்றான் அவள் மகன், தரையில் உட்கார்ந்தபடி.

“எவ்வளவு?”

“நாலாயிரத்துச் சொச்சம்.”

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. “படம் மாதிரிதானே இருக்கு? அதுக்குப் படமே பார்த்துட்டுப் போயேன்!”

மருமகன் இன்ஜினீயரிங் முதல் ஆண்டு படிக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும், பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்ததைச் சேர்த்தும் வைத்திருக்கிற பணம். அவன் பணம்தான். ஆனாலும் என்னைப் பார்த்து, “மாமா, நீங்க சொல்லுங்க” என்றான். அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

போன வருடம் அவன் பிறந்தநாளுக்கு நான்தான் ஒரு கேம் வாங்கிக் கொடுத்தேன். டிரெய்லரைப் பார்த்து மயங்கி வாங்கியது. இரண்டே மாலையில் முடித்துவிட்டு, “சூப்பரா இருந்துச்சு மாமா. ஆனா நான் ஒண்ணும் பெருசா செய்யல. அதுவே ஓடுச்சு” என்றான். அந்த டிஸ்க் இன்றைக்கும் டிவிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. கேமின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது. சினிமா டிக்கெட் எடுப்பதுபோல விளையாட்டை வாங்கிவிட்டேன்.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. சண்டை கேம்களில் காட்சி அழகு எவ்வளவு முக்கியம், கைக்கு வேலை எவ்வளவு முக்கியம் என்று அவனும் நானும் உட்கார்ந்து பேசினோம். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நாற்பது வருடத்துப் பழைய கதை

அழகுக்கும் ஆட்டத்துக்கும் நடக்கிற இந்த இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. 1983-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் கூடங்களுக்கு ‘டிராகன்ஸ் லேயர்’ என்ற கேம் வந்தது. மற்ற கேம்களில் புள்ளிகளும் கட்டங்களும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இதிலோ முழு கார்ட்டூன் படமே ஓடியது. வரைந்தது டிஸ்னியில் வேலை பார்த்து வெளியே வந்த டான் ப்ளூத்தின் குழு. லேசர் டிஸ்க்கிலிருந்து காட்சி வரும். மற்ற கேம்களுக்கு வழக்கமாக 25 சென்ட் போட்டால், இதற்கு 50 சென்ட்.

ஆனால் ஆடுபவன் செய்தது என்ன? சரியான நொடியில் சரியான பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும், அல்லது வாள் பட்டனைத் தட்ட வேண்டும். சரியாகச் செய்தால் படம் மேலே ஓடும். தவறினால் வீரன் சாவான். வாய்ப்பாடுபோல வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் கேம் முடிந்தது. அதற்குப் பிறகு கைக்கு வேலை இல்லை. ஆடுபவனுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி, பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும் கிடைத்துவிட்டது, காசு போடாமலே.

அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. 1999-ல் வந்த ‘ஷென்மூ’விலும், 2005-ல் வந்த முதல் ‘காட் ஆஃப் வார்’ கேமிலும் திரையில் ஒரு பட்டன் அடையாளம் தோன்றும், உடனே அழுத்த வேண்டும். ‘காட் ஆஃப் வார்’ கேமில் அதற்கு முன்னால் நிஜமாகவே ஒரு சண்டை இருந்தது. அதன் முடிவுக்கு வைத்த அலங்காரமாக அந்தப் பட்டன் வந்தது, பொருந்தியது. அலங்காரமே சாப்பாடாக மாறும்போதுதான் சிக்கல்.

2015-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த ‘தி ஆர்டர்: 1886’ இதற்கு நல்ல உதாரணம். விக்டோரியா காலத்து லண்டன், அதன் தெருக்கள், புகை, துணியின் இழை என்று ஒவ்வொன்றும் இன்றைக்குப் பார்த்தாலும் அசத்தும். ஆனால் நிறைய நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓநாய் மனிதனோடு மோதும் பெரிய சண்டை இரண்டு முறை வருகிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதல் முறை வாய் பிளக்கிறோம். இரண்டாம் முறை அடுத்த பட்டன் எது என்று காத்திருக்கிறோம். ஒரு வார இறுதியில் முடிந்துபோகும். திரும்பப் போட்டு ஆட ஒரு காரணம் வேண்டுமே!

கை சொன்னால் உடம்பு கேட்க வேண்டும்

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது ‘டெவில் மே க்ரை’. 2001-ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்டது, இயக்கியவர் ஹிதேகி கமியா. ‘ரெசிடென்ட் ஈவில் 4’ ஆகத் தொடங்கி, வேறு பாதையில் போய், தனி கேமாகவே ஆகிவிட்டது. அதே நிறுவனத்தின் ‘ஒனிமுஷா’ கேமில் ஒரு கோளாறு இருந்தது. எதிரியை வேகமாக வெட்டிக்கொண்டே இருந்தால் அவன் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்பான். மற்றவர்களுக்குத் திருத்த வேண்டிய பிழையாகத் தெரிந்திருக்கும். கமியாவுக்கு அதில் ஒரு விளையாட்டே தெரிந்தது. எதிரியை மேலே தூக்கி எறிந்து, விழவிடாமல் வாளாலும் துப்பாக்கியாலும் பந்தாடுவது ‘டெவில் மே க்ரை’யின் அடையாளமாகிவிட்டது.

அதோடு மதிப்பெண்ணும் உண்டு. டி-யில் தொடங்கி எஸ் வரைக்கும் தரம் ஏறும். ஒரே அடியையே திரும்பத் திரும்ப அடித்தால் தரம் ஏறாது, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கதையை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஆனால் அதே கூடத்தில், அதே எதிரிகளோடு, பத்து பேர் பத்து விதமாகச் சண்டை போடலாம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. வாளை வீசும் அசைவு அழகாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு நேரம் பிடிக்கும். தோள் திரும்ப வேண்டும், இடுப்பு வளைய வேண்டும், கால் ஊன்ற வேண்டும். அந்த வீச்சின் நடுவில் எதிரி பாய்கிறான், நீங்கள் விலகும் பட்டனை அழுத்துகிறீர்கள். இப்போது உடம்பு வீச்சை முடித்துவிட்டுத்தான் விலகுமா, அல்லது பாதியில் விட்டுவிட்டு விலகுமா? முடித்துவிட்டு விலகினால் பார்க்க அழகு. பாதியில் விட்டால் ஆடுபவனுக்கு ஆனந்தம். பல கேம்களின் குணம் இந்த இடத்தில்தான் தெரிந்துபோகும்.

2011-ல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ போன்ற சில கேம்களில் வேண்டுமென்றே வாளைக் கனமாக வைத்திருப்பார்கள். தொடங்கிய வீச்சை நிறுத்த முடியாது. அது குறை இல்லை. அந்த விதியைத் தெரிந்துகொண்டு எப்போது வீசுவது என்று யோசிப்பதே அங்கே ஆட்டம். சினிமாவில் சிலம்பம் சுற்றும்போது விசில் பறக்கும். ஆனால் கம்பைக் கையில் எடுத்துப் பழகியவரைக் கேளுங்கள். சுற்றுவது பெரிதல்ல, நினைத்த இடத்தில் நிறுத்துவதே வித்தை என்பார்.

மருமகன் ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி ‘செகிரோ’ ஆடினான். 2019-ல் வந்தது. அதில் எதிரியின் வாள் நம்மேல் படுகிற நொடியில் நம் வாளைக் கொண்டுபோய்த் தட்ட வேண்டும். ‘டணார்’ என்று சத்தம் வரும், எதிரியின் நிலை கொஞ்சம் தளரும். தடுக்க முடியாத அடி வரும்போது சிவப்பில் ஓர் எழுத்து மின்னும். எளிதாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. கெனிச்சிரோ என்ற வீரனிடம் அவன் நாற்பது தடவைக்கு மேல் தோற்றான். அக்கா அப்போது எனக்குப் போன் பண்ணி, “ஒரே ஆளு, ஒரே இடம். மூணு நாளா அவன்கிட்ட உதை வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான்டா. இதுல என்னடா இருக்கு?” என்று கேட்டாள்.

சோபாவிலிருந்து பார்த்தால் அது நாற்பது முறை ஓடிய ஒரே காட்சி. தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு நாற்பதும் வேறு வேறு. முதல் தடவை கண்ணுக்கு எதுவுமே பிடிபடவில்லை. இருபதாவது தடவை எந்த அடிக்குக் குதிப்பது, எதற்கு முன்னால் போவது என்று தெரிந்தது. கடைசியில், யோசிப்பதற்கு முன்பே கை போனது. எதிரி மாறவில்லை. இவன்தான் மாறியிருந்தான்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் ‘செகிரோ’வைப் பாதியில் விட்டவன். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடலாம் என்று உட்காருகிறவனுக்கு நாற்பது தோல்வி கட்டுப்படியாகாது. ஆழம் மட்டுமே போதும் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டும் கைகோக்கும் இடம்

அப்படியானால் காட்சி அழகு வீணா? நம் வீடுகளில் டிவி ஹாலில்தான் இருக்கிறது. ஒருவர் ஆடினால் இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள். காட்சி அவர்களையும் உள்ளே இழுக்கிறது. அந்த ஆசை நியாயமானதே.

இரண்டையும் சேர்க்கப் பார்த்த கேம் என்று 2018-ல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமைச் சொல்வேன். மனைவியின் அஸ்தியை மலையுச்சியில் தூவப் போகும் அப்பா க்ரேட்டோஸ், அவரோடு மகன் அட்ரியஸ். இயக்குநர் கோரி பார்லாக், தொடக்கம் முதல் முடிவு வரை கேமராவை வெட்டாமல் ஒரே ஷாட்டாக அமைத்தார். கேமரா க்ரேட்டோஸின் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

பார்க்க அற்புதம். ஆனால் சண்டைக்கு அது இடைஞ்சல். கேமரா அவ்வளவு நெருங்கினால் முதுகுக்குப் பின்னால் வரும் எதிரி தெரிய மாட்டான். ‘டெவில் மே க்ரை’யில் கேமரா தள்ளி நிற்பதே எல்லோரையும் பார்க்கத்தான். இவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். அடி வரும் திசையைக் காட்ட க்ரேட்டோஸைச் சுற்றி அம்புக்குறி வைத்தார்கள். மகன் குரல் கொடுத்து எச்சரிப்பான். அழகுக்காக இழந்ததை, மகனின் குரல் வழியாகத் திரும்ப எடுத்தார்கள்.

இன்னும் ஒன்று. (ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், கதை வெளியாகும்.) பாதியில் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. மருந்து தேடி ஹெல்ஹைம் என்ற உறைபனி உலகத்துக்குப் போக வேண்டும். கையில் இருப்பதோ பனிக் கோடாலி, அது அங்கே உதவாது. க்ரேட்டோஸ் வீடு திரும்பி, தரைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த பழைய நெருப்பு வாள்களை எடுக்கிறார். மறக்க நினைத்த தன் பழைய பாவங்களையே எடுக்கிறார். காட்சி முடிந்ததும் அந்த வாள்கள் உங்கள் கைக்கு வருகின்றன. அதுவரை பழகிய சண்டையே மாறுகிறது. கதை கொடுத்த கனத்தை அடுத்த நிமிடம் விரல் உணர்கிறது. சினிமாவால் தர முடியாதது இதுதான்.

இந்த கேமிலும் குறை உண்டு. பெரிய பூதங்களோடு வரும் சண்டைகள் பல ஒரே சாயலில் இருக்கின்றன, கடைசியில் அவை விழுகிற காட்சியும் அப்படியே. அழகான ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் சாட்சி.

வாங்குவதற்கு முன்

மருமகனும் நானும் பேசி முடிவு செய்தவை இவை.

டிரெய்லரைப் பார்த்து வாங்காதீர்கள். கேமின் நடுப்பகுதியை யாராவது வெட்டாமல் ஆடிய வீடியோவை இருபது நிமிடம் பாருங்கள். தொடக்கத்தில் எல்லா கேமும் அழகாகத்தான் இருக்கும்.

தோற்கும் இடத்தைக் கவனியுங்கள். ‘இதனால் தோற்றேன்’ என்று ஆடுபவருக்குப் புரிகிறதா? புரிந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

உச்சக்கட்டத்தில் வேலை செய்வது யார் என்று பாருங்கள். நாயகன் பிரமாதமாக ஏதோ செய்கிறான். அதைச் செய்தது ஆடுபவரின் கையா, கேமேவா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘காட் ஆஃப் வார்’, ‘செகிரோ’ இரண்டும் அமெரிக்கத் தரச்சான்றின்படி 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. ரத்தம் அதிகம். அட்டையில் இருக்கும் வயதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்த எரியும் கோட்டை கேமின் நடுப்பகுதி வீடியோவை அவனே தேடிப்பிடித்துப் பார்த்தான். பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, “மாமா, பாலம் இடியறப்போ முன்னாடி மட்டும் அழுத்திக்கிட்டே இருந்தா போதும். விழவே மாட்டான்” என்றான். விலை குறையும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். செகண்ட் ஹேண்ட் கடையில் 2018 ‘காட் ஆஃப் வார்’ டிஸ்க் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. மீதிப் பணம் அவன் டப்பாவிலேயே இருக்கிறது.

நேற்று மாலை மறுபடி போனேன். அவன் தரையில், அக்கா சோபாவில். மடியில் இந்த முறை அவரைக்காய்.

“ஏன்டா, அந்தப் பையன் கேட்கிறதுக்கெல்லாம் இவன் எரிஞ்சு விழுறான்? அம்மா செத்த பிள்ளைடா அது!”

“போகப் போகத் தெரியும்மா.”

க்ரேட்டோஸ் கோடாலியை எறிந்தார். அது தூரத்து மரத்தில் போய்க் குத்தி நின்றது. ஒரு பட்டனை அழுத்தினால் காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து கையில் ‘தடக்’ என்று உட்காரும், கன்ட்ரோலரும் அதிரும். அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “அதைக் கூப்பிடுற பட்டன் எதுடா? இங்க குடு” என்றாள்.

கோடாலி வந்தது. கை அதிர்ந்தது. அக்கா சிரித்துவிட்டாள்.

“இன்னொரு தடவை எறிடா!”

அவரைக்காய் அப்படியே கிடந்தது.