இரவில் கடிக்கும் கட்டுவிரியன்



2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு தேடி வரும் மாத்திரை பாம்புக்கடிக்கு உதவாது; கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில்தான் வரும். பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது, தடம்கூடத் தெரியாது. வயிற்றுவலி என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். விடிவதற்குள் இமை சொருகி, மூச்சு திணறும். அந்த நேரத்தில் மலையோர ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் ஒரே ஒரு செவிலியர். அவரும் பாவம், 108-க்குப் போன் செய்வதைத் தவிர என்ன செய்வார்? விஷமுறிவு மருந்தை அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. இரவுப்பணிக்கு ஒரு மருத்துவரையும், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூச்சைத் தாங்கிப்பிடிக்கும் கருவியையும் மழைக்காலத்துக்கு முன் சுகாதாரத்துறை அங்கே தர வேண்டும்.

- வாசகர், தேன்கனிக்கோட்டை வட்டம்