நாள் போயிற்று, பாடமும் போகலாமா?

தோழனே!

வானம் கொட்டுகின்றது; ஏரி கரை உடைக்கின்றது; பள்ளிக்கு விடுமுறை என்று அறிவிக்கின்றார் மாவட்ட ஆட்சியர். சரிதான். பிள்ளையின் உயிரைவிடப் பெரிதன்று பாடம். அதிலே நமக்குப் பிணக்கில்லை. வெள்ளம் வடிந்த பிறகுதான் பிணக்கு!

"போன நாள் போனதுதான், சனிக்கிழமையும் பிள்ளைகளை வதைப்பானேன்?" என்று சிலர் பரிவு பேசுகின்றனர். யார்மீது பரிவு? மாடி வீட்டுப் பிள்ளைக்கு மழைநாளிலும் பாடம் நிற்பதில்லை. கணினி உண்டு, தனிப்பயிற்சி உண்டு, சொல்லித்தரப் படித்த பெற்றோர் உண்டு. குடிசைப் பிள்ளைக்கு? பள்ளி மணி ஒலித்தால்தான் பாடம். மணி ஓய்ந்தால் பாடமும் ஓய்ந்தது. விடுமுறை இருவருக்கும், இழப்போ ஒருவனுக்கு!

2015 இறுதியில் பெய்த பெருமழையை எண்ணிப்பார். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. அரையாண்டுத் தேர்வே 2016 சனவரிக்குத் தள்ளிப்போயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா மூடிய கதவு, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அந்த இழப்பை ஈடுகட்டத்தானே இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புகளைத் தொடங்க வேண்டியதாயிற்று?

"பாடத்தைக் குறைத்துவிடலாமே" என்பர். நடுப்படிகளைப் பிடுங்கிவிட்டு ஏணியைக் கொடுக்கும் வள்ளன்மை அது! இவ்வாண்டு விட்ட பாடம், அடுத்த ஆண்டு வழிமறிக்கும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கின்றது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். நாளை எண்ணுவோர் மணியை மறக்கின்றனர்! சனிக்கிழமை கதவைத் திறந்து, வருகையைக் குறித்து, பிள்ளைகளை வெறுமனே உட்கார வைத்து அனுப்பினால் கணக்கு நேராகலாம், கல்வி நேராகுமா? திரையைத் தூக்கிவிட்டால் மட்டும் நாடகமாகிவிடுமா? நடிகன் பேச வேண்டாமா?

ஆகவே கேட்கின்றோம்: இழந்த நாளை ஈடுசெய்க! விடுபட்ட பாடத்தை நடத்துக! பிள்ளைகள் களைக்காதபடி வாரங்களுக்குப் பகிர்ந்து வைத்திடுக! அன்றும் சத்துணவு அடுப்பு எரியட்டும்! உழைக்கும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கிடைக்கட்டும்!

தோழனே, உன் ஊர்ப் பள்ளிக்குச் செல். எத்தனை நாள் போயிற்று, எத்தனை பாடம் மீண்டது என்று கேள். உடைந்த ஏரிக்கரையைக் கட்ட ஒப்பந்தக்காரர் ஓடி வருவார். ஏழைப் பிள்ளையின் உடைந்த படிப்பைக் கட்ட, நாமன்றோ குரல் கொடுக்க வேண்டும்!