ஓடுகிற பெண்ணுக்குப் போர்வை எதற்கு?

ஆடி மாதம் வந்தால் எங்கள் மறைமலை நகரில் நாலு வீட்டிலாவது பெட்டி கட்டுவார்கள். பிள்ளை ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ பிரான்சுக்கோ மேல்படிப்புக்குப் போகிறது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர் எல்லாம் உள்ளே போன பிறகு, பெட்டியை மூட விடாமல் மேலே ஒன்று உட்கார்ந்திருக்கும். தடித்த ஸ்வெட்டர், அல்லது பஞ்சு அடைத்த ஜாக்கெட். போகிறது பெண் என்றால் ஒன்று போதாது. அம்மா வாங்கியது ஒன்று, அத்தை வாங்கியது ஒன்று, ஊட்டிக்குப் போன சித்தி கொண்டு வந்தது ஒன்று. விமானத்தில் அனுமதிக்கும் 23 கிலோவில் மூன்று கிலோ இதற்கே போய்விடும்.

கல்லூரிக்குப் போகவும் பேருந்துக்கு நிற்கவும் அவை உதவும். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தப் பெண் அங்கே விடிகாலையில் ஓடப் போனால், அதே ஸ்வெட்டர் அவளுக்கு எதிரி. இதைச் சொன்னதற்கு நடைப்பயிற்சி நண்பர் ஒருவர், "பொம்பளைப் பிள்ளைங்க துணியைப் பத்தி எழுபது வயசுல உமக்கென்ன ஓய் கவலை?" என்றார். ஸ்ட்ராஸ்பூர்கில் படிக்கும் பேத்தி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். வாரத்தில் நாலு நாள் ஆற்றங்கரையில் ஓடுகிறாள். அங்கே ஜனவரி விடியலில் வெப்பம் பூஜ்யத்தைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே எனக்குக் கவலை உண்டு.

என் கட்சி இதுதான். குளிரில் ஓடுகிற பெண்ணின் உடையை அவள் உடம்பு செய்யும் வேலையைப் பார்த்து வாங்க வேண்டும். நம் பயத்தைப் பார்த்தும் நம் கூச்சத்தைப் பார்த்தும் வாங்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் அவளுக்கு வேண்டியது எடை குறைந்த, மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று. அதற்கு உள்ளே ஒரு துணி, தேவைப்பட்டால் வெளியே ஒரு துணி. அவ்வளவுதான்.

நிற்கிற உடம்பு வேறு, ஓடுகிற உடம்பு வேறு. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனால் உடம்பு அடுப்பாகிவிடும். தடித்த ஸ்வெட்டருக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் வியர்வை ஊற்றும். உள்ளே பருத்தி பனியன் இருந்தால் அது வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கால் பிசகி அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள் என்று வையுங்கள். நனைந்த பனியன், குளிர்காற்று, வீட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்குப் பனி கொட்ட வேண்டும் என்பதில்லை. நனைந்த உடம்புக்கு ஐந்து, ஆறு டிகிரியே போதும். "நல்லா போர்த்திக்கிட்டுப் போம்மா" என்று அனுப்பும் நம் அன்பு அங்கே இந்த இடத்தில்தான் கொண்டு போய் விடும்.

பேத்தி எனக்குச் சொன்ன விதி எளிமையானது. "தாத்தா, வாசலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிரணும். அப்பவே கதகதப்பா இருந்தா டிரெஸ் அதிகம்னு அர்த்தம்." வெளியே இருக்கும் வெப்பத்தைவிட எட்டு, பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்துக்கொண்டு உடுத்த வேண்டும் என்பது ஓடுபவர்கள் வழக்கம். கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் குளிருக்கு உடுத்துவதை 'வெங்காயத் தோல் போல' உடுத்துவது என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய தோல்கள். வேண்டும்போது ஒன்றை உரித்துக்கொள்ளலாம். தடித்த ஸ்வெட்டரில் உரிப்பதற்கு என்ன இருக்கிறது? போட்டால் முழுதும் போட வேண்டும், கழற்றினால் முழுதும் கழற்ற வேண்டும்.

இனி ஃப்ளீஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன். பாதி ஏமாற்றம் பெயரிலேயே இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் இதற்கு 'லேன் பொலேர்' என்று பெயர், 'துருவக் கம்பளி' என்று பொருள். அதில் கம்பளியும் இல்லை, ஆடும் இல்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்கை நூலாக இழுத்து, பின்னி, சீவி, மென்மயிர் எழுப்பிய துணி அது. அந்த மென்மயிருக்குள் காற்று அடைபட்டிருப்பதால்தான் கதகதப்பு. ஆங்கிலத்தில் ஃப்ளீஸ் என்றால் ஆட்டு ரோமம். அதையே வினைச்சொல்லாகச் சொன்னால் ஆளை மொட்டையடிப்பது, அதாவது பணத்தைக் கறப்பது. கடைக்குப் போகும்போது இரண்டாவது பொருளை மறந்துவிடாதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. திருப்பூரில் ஃப்ளீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் பருத்தி ஃப்ளீஸைக் காட்டுவார்கள். உள்பக்கம் சீவிவிட்ட, தொப்பி வைத்த மேல்சட்டைக்குப் போகும் துணி. எடை 280, 300 ஜி.எஸ்.எம். இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார அருமையான துணி. ஓடினால் ஈரச்சாக்கு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. சென்னையில் ஒரு கடையில் இந்தத் துணியைத்தான், "சார், மைனஸ் பத்து தாங்கும், ஜாகிங்குக்கே செஞ்சது" என்று என்னிடம் தள்ளப் பார்த்தார்கள். துணியின் எடை என்ன, நூல் என்ன என்று கேட்டேன். "லேடீஸ் மாடல் சார், பிங்க்கும் இருக்கு" என்று பதில் வந்தது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் துணி 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் மில்ஸ் என்ற ஆலையில் உருவானது. அதன் முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டீன் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால்தான் உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் செய்து மலிவாக விற்க முடிந்தது. 1995 டிசம்பரில் அந்த ஆலை எரிந்தபோது, வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்த மனிதர் அவர். ஓர் ஆலை நின்றால் ஊருக்கு என்ன ஆகும் என்பது ஃபோர்டு ஆலையை 2022-ல் பறிகொடுத்த மறைமலை நகர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொல்ல வந்தது இது: அடிப்படை ஃப்ளீஸில் ரகசியம் எதுவும் கிடையாது. 'விசேஷத் தொழில்நுட்பம்' என்று சொல்லி மூன்று பங்கு விலை கேட்டால், மேலே சொன்ன இரண்டாவது பொருள்தான் நடக்கிறது.

அரசு அலுவலகத்தில் பத்து நாற்காலி வாங்குவதானாலும் முதலில் விவரக்குறிப்பு தயாரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் போகவில்லை. குளிரில் ஓடும் பெண்ணுக்கான ஃப்ளீஸுக்கு என் விவரக்குறிப்பு:

1. எடை 100 முதல் 150 ஜி.எஸ்.எம்.முக்குள். இதே மால்டன் மில்ஸின் பொலார்டெக் துணிகள் 100, 200, 300 என்ற வரிசையில் பெயர் பெற்றவை. 100 மெல்லியது, 300 தடித்தது. மலையில் கூடாரம் போட்டு உட்காருவதற்கு 300. ஓடுவதற்கு 100. அட்டையில் எடை இல்லையென்றால் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். லேசாக வெளிச்சம் தெரிய வேண்டும். வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும்.

2. நூல் முழுக்கப் பாலியெஸ்டர், அல்லது கொஞ்சம் எலாஸ்டேன் கலந்தது. பருத்தி கலந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

3. கழுத்திலிருந்து நெஞ்சு வரை ஜிப். இது அலங்காரம் இல்லை, ஜன்னல். சூடு ஏறினால் திறக்கலாம், காற்று அடித்தால் மூடலாம்.

4. அளவு. உள்ளே ஒரு முழுக்கை பனியன் போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பு தெரியக் கூடாது. இடுப்பில் சுருண்டு மேலே ஏறக் கூடாது, அக்குளில் பிடிக்கக் கூடாது. ஆண் சட்டையைச் சுருக்கி நிறத்தை மாற்றினால் அது பெண் சட்டை ஆகிவிடாது.

5. பை. ஜிப் வைத்த பை ஒன்றாவது, கைபேசியும் வீட்டுச் சாவியும் போகிற அளவில். பெண்கள் உடையில் பை வைக்க மனம் வராத தையல் உலகம் இது. இருட்டில் தனியாக ஓடுகிறவளுக்குக் கைபேசி வைக்க இடமில்லாத உடை, என்ன விலையானாலும் குறையுள்ள உடைதான்.

6. கையின் நுனியில் கட்டைவிரல் ஓட்டை இருந்தால் நல்லது, பாதி கையுறை மிச்சம். முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு உள்ளே போடுவது உடம்போடு ஒட்டிய செயற்கை நூல் பனியனாகவோ மெல்லிய மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். அதற்கும் உள்ளே இருப்பதும் பருத்தியாக இருக்கக் கூடாது. முதலில் நனைவதும் கடைசியில் காய்வதும் அதுதான். இதைத் தாத்தாக்கள் சொல்லக் கூச்சப்படுகிறோம், அம்மாக்களும் சொல்வதில்லை. கடைசியில் அந்தப் பெண் மேலே ஆயிரக்கணக்கில் செலவு செய்து, உள்ளே ஈரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். ஃப்ளீஸ் காற்றைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று பலமாக இருந்தால் மேலே கைக்குள் மடிகிற மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று வேண்டும். பத்து டிகிரிக்கு மேல் இருந்தால் பெரும்பாலோருக்கு ஃப்ளீஸே தேவைப்படாது.

இனி எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பதில்.

"பருத்திதான் உடம்புக்கு நல்லது." சித்திரை வெயிலில், மறைமலை நகரில், நூற்றுக்கு நூறு உண்மை. ஸ்ட்ராஸ்பூர்கின் தை மாதத்தில் உண்மை இல்லை. ஊருக்கு ஊர் துணி மாறும்.

"பிளாஸ்டிக் துணி கடலைக் கெடுக்கிறதே." கெடுக்கிறது, மறுக்க மாட்டேன். ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. பழைய பாட்டிலிலிருந்து செய்த ஃப்ளீஸிலும் இதே கதைதான். அதனால் என் பதில், ஒன்று வாங்கு, நல்லதாக வாங்கு, பத்து வருஷம் போடு. தேவைப்படும்போது மட்டும் குளிர்ந்த நீரில் துவை. மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, இஸ்திரி போடாதே. அத்தையும் சித்தியும் வாங்கித் தரும் மூன்று ஸ்வெட்டரைவிட இந்த ஒன்று பூமிக்குப் பாரம் குறைவு.

"இறுக்கமாக இருக்கிறதே, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" சண்டையின் மூலம் இங்கேதான் இருக்கிறது. தடித்த, தொளதொள ஸ்வெட்டரை நாம் விரும்புவது குளிருக்காக மட்டும் இல்லை, மறைப்பதற்காகவும்தான். 1966-ல் பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்தார். பெண்ணின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். புதரில் ஒளிந்திருந்து, தொப்பி வைத்த தடித்த மேல்சட்டையோடு கூட்டத்தில் கலந்து ஓடினார். உடம்பு கொதித்தது. கழற்றினால் பெண் என்று தெரிந்து வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் போட்டுக்கொண்டே ஓடினார். கூட ஓடிய ஆண்கள், "நாங்கள் விட மாட்டோம்" என்று தைரியம் சொன்ன பிறகு கழற்றி எறிந்தார். 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். உடம்புக்கு வேண்டாத துணியை ஊருக்காகச் சுமப்பது என்றால் என்ன என்று அவரிடம் கேட்க வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர அதற்கப்புறம் 18 வருஷம் ஆனது, 1984-ல்தான். நம் வீட்டுப் பெண்ணின் பெட்டியில் நாம் இன்னும் அந்தப் பழைய மேல்சட்டையைத்தான் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஊரைப் பற்றிக் கேட்பீர்கள். இங்கே மார்கழிக் காலையில் 20 டிகிரி. அதில் ஓடுவதற்கு ஃப்ளீஸ் எதற்கு? சாதாரண டி-ஷர்ட் போதும். ஸ்வெட்டரும் மப்ளருமாக வேகநடை போய் வியர்த்துக் கொட்டும் நம் பெரியவர்கள் அதைக் கழற்றி வைக்கலாம். ஆனால் ஒரகடம் பக்கம் ஷிஃப்டுக்குப் போக, விடியும் முன்னே பைக்கின் பின்னால் உட்கார்ந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிற பெண்களுக்கு ஒரு மெல்லிய ஃப்ளீஸும் விண்ட்சீட்டரும் உண்மையிலேயே உதவும். பஸ்ஸில் ஏறியதும் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஊட்டியில் ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ஓடுகிறவர்களுக்கும் மேலே சொன்ன விவரக்குறிப்பு அப்படியே பொருந்தும். ஒரே எச்சரிக்கை, போகி நெருப்பின் பக்கம் இதைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும்.

ஆகவே, அடுத்த ஆடியில் பெட்டி கட்டப் போகும் பெற்றோருக்கு என் பரிந்துரை. ஸ்வெட்டர் ஒன்று போதும். மீதிக்கு வைத்திருக்கும் பணத்தைப் பெண்ணின் கையில் கொடுங்கள். இந்த ஆறு குறிப்பையும் கொடுங்கள். கடையில் கையைத் தூக்கிப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, பையில் கைபேசியைப் போட்டுப் பார்த்து அவளே வாங்கிக்கொள்வாள். ஓடப் போவது அவள்தானே.