ஒட்டுப்பலகையில் ஓர் ஆட்டப்பெட்டி



மாலை வேளையில் நம் பிள்ளைகள் ஒன்றுகூடுமிடத்தில் இப்போது பேச்சொலி கேட்பதில்லை. ஐவர் அமர்ந்திருந்தால் ஐந்து கைப்பேசிகள் ஒளிர்கின்றன. ஒருவன் முகத்தை மற்றொருவன் காண்பதில்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று சென்ற கோடை விடுமுறையில் சங்கப் படிப்பகத்தில் ஆராய்ந்தபோது, பிள்ளைகளே வழி சொன்னார்கள். "மாமா, இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடும் பழைய காலத்து ஆட்டப்பெட்டி ஒன்றை நாமே செய்தால் என்ன?" என்றான் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன்.

படிப்பகத்தை நெடுங்காலமாகப் பேணிவரும் அண்ணாச்சி ஒருவர் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார். "புத்தகம் எடுக்க ஆளில்லை என்று நான் வருந்துகிறேன், நீங்கள் ஆட்டப்பெட்டி கொண்டுவருகிறீர்களா?" என்றார். அவர் சொல்லில் நியாயம் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டி இப்பக்கம் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் மலையாளப் பள்ளியிலே பயில்கின்றனர். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணிற் படும் இடங்கள் மிகச் சில; அவற்றுள் படிப்பகம் ஒன்று. அதை விளையாட்டுக் கூடமாக்கலாமா என்பதே அண்ணாச்சியின் கேள்வி. அதற்கு அன்று நம்மிடம் விடை இல்லை. "ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

இப்பெட்டிகளின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். 1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் பந்தாட்டத்தை நாணயம் போட்டு ஆடும் பெட்டியாக வெளியிட்டது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துத் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை அமைத்தார். பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்கு இரயில் ஓடத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். 1980இல் 'பாக்-மேன்' வந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் தனிப் பெட்டி வேண்டும். 1997இல் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள், பழைய பெட்டிகளின் உட்பொறி செய்த வேலையை இன்றைய கணினியே செய்யும்படி ஆக்கிற்று. எனினும், மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால் ஆட்டங்களும் இலவசம் என்று எண்ணலாகாது. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. கேளாமல் எடுப்பது சீட்டின்றி வண்டியேறுவதற்கு ஒப்பாகும். ஆதலால் உரிமையாளரே இலவசமாக வழங்கிய ஆட்டங்கள் சிலவற்றை மட்டுமே நாம் சேர்த்தோம்.

இனிப் பலகைக்கு வருவோம். பிளைவுட் என்று கடையில் வழங்கும் ஒட்டுப்பலகை, மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் வருமாறு ஒட்டி அழுத்தியது. இழைகள் ஒன்றையொன்று தடுப்பதால் பலகை எளிதில் வளையாது. எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரங்கள் அங்கே பலகையாகின்றன.

எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள 18 மி.மீ. பலகை ஒன்றும், 12 மி.மீ. பலகை ஒன்றும் வாங்கினோம். முதற்பலகையில் ஐந்தடி உயரமும் ஏறக்குறைய இரண்டடி அகலமும் உள்ள பக்கப்பலகைகள் இரண்டும், மிச்சத்தில் அடித்தட்டும் திரையைத் தாங்கும் தட்டும் கிடைத்தன. பின்கதவும் முன்பலகையும் பொத்தான் பலகையும் மெல்லிய பலகையில் வந்தன. பொத்தான் பலகையைத் தடித்த பலகையிற் செய்தால், கைப்பிடியின் தண்டு மேலே குட்டையாகிக் கைக்கு எட்டாது. பிள்ளைகளின் உயரத்திற்கேற்ப அதைத் தரையிலிருந்து 30 அங்குலத்தில் அமைத்தோம். பொத்தான்களுக்கு 28 மி.மீ. துளை இட்டோம். ஒவ்வொரு பொத்தானும் ஒரு சிறு சுவிட்ச்; கைப்பிடியின் அடியில் நான்கு திசைக்கு நான்கு சுவிட்சுகள். அவற்றின் கம்பிகள் ஒரு சிறு மின்தட்டில் சேர்ந்து, அங்கிருந்து 'ராஸ்பெரி பை' என்னும் உள்ளங்கையளவுக் கணினிக்குச் செல்கின்றன. ஒரு வீட்டில் கழித்துப்போட்ட கணினித் திரையே நமக்குத் திரையாயிற்று. 230 வோல்ட் மின்சாரம் செல்லும் இடத்தை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டோம். பிள்ளைகள் சாய்ந்து தள்ளினாலும் விழாதபடி பெட்டியைச் சுவரோடு பிணைத்தோம்.

ஒரு பிழை செய்தோம், மறைப்பதில் பயனில்லை. விலை குறைவென்று, ஓரளவு ஈரத்தையே தாங்கும் 'எம்.ஆர்.' தரப் பலகையை வாங்கினோம். ஜூன் மாதம் மழை பிடித்தது. படிப்பகத் தரையும் வாரந்தோறும் கழுவப்பட்டது. மூன்றே வாரத்தில் அடியோரம் ஊதி, ஏடுகள் பிரிந்தன. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போனார். அது ஏசுவதைக் காட்டிலும் வலித்தது. ஊறிய இரண்டங்குலத்தை அறுத்தெறிந்து, வெட்டுவாய்களுக்கு வண்ணம் பூசி, ரப்பர்க் கால்கள் வைத்து உயர்த்தினோம். செய்ய விரும்புவோர் முதலிலேயே 'பி.டபிள்யூ.ஆர்.' தரம் கேட்டு வாங்குக. வெட்டுவாயை மூடாமல் விடாதீர்.

பழுது நீங்கியபின் பொத்தான்களுக்குப் பெயர் எழுதும் வேலை மிஞ்சியது. தமிழில்தான் எழுதவேண்டும் என்று பிள்ளைகள் தாமே முடிவு செய்தார்கள். முதலில் ஆலோசனை சொன்ன அச்சிறுவன் தூரிகை எடுத்து, சிவப்புப் பொத்தானின் கீழே 'துடங்கு' என்று எழுதினான். மலையாளத்தில் அப்படித்தானே சொல்கிறார்கள்! நாம் வாய் திறக்குமுன், பின்னால் நின்ற அண்ணாச்சி குனிந்து, "தம்பி, மலையாளத்தில் து, தமிழில் தொ. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாம், ஆனால் சட்டை வேறு" என்றார். சிறுவன் அழித்து எழுதினான். அடுத்ததற்கு 'சாடு' என்று எழுதலாமா, 'தாவு' என்று எழுதலாமா என்று வழக்கு எழுந்தது. அண்ணாச்சி எழுந்து போய் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து வந்தார். அன்றிரவு படிப்பகம் மூட ஒன்பது மணி ஆயிற்று.

இப்போது ஓர் ஒழுங்கு வைத்துள்ளோம்: ஒருவருக்குப் பத்து நிமிடம், தனியே ஆடலாகாது, முறைக்குக் காத்திருப்போர் அலமாரியிலிருந்து ஏதேனும் ஒரு நூலைக் கையில் வைத்திருக்கவேண்டும். இவ்விதியை இட்டவர் அண்ணாச்சியே. எல்லாரும் படிக்கிறார்கள் என்று சொல்லமாட்டோம். சிலர் படம் மட்டுமே பார்க்கின்றனர். ஆனால் காத்திருக்கும் வரிசையில் பேச்சொலி கேட்கிறது. அது பெரும்பாலும் தமிழாகவே இருக்கிறது.

அண்ணாச்சியின் கேள்விக்கு முழு விடை இன்னும் நம்மிடம் இல்லை. பெட்டியை வாங்கி வைத்திருந்தால் அவர் சொன்னதே சரியாகியிருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து செய்ததால்தான் அகராதி அலமாரியை விட்டு இறங்கிற்று என்று தோன்றுகிறது. அடுத்த விடுமுறையில் மீந்த பலகைத் துண்டுகளைக் கொண்டு புத்தகத் தட்டு ஒன்று செய்ய எண்ணியுள்ளோம். அளவுகோலும் ஓய்வும் உள்ள பெற்றோர் வந்து கைகொடுப்பார்களாக.